ஜார்ஜியாவில் இப்போது குளிர்

அவள் கம்பளிக் காலுறையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

எதிர்வீட்டுக்காரர்கள் கொடைக்கானலுக்கென்று வாங்கியது, இரவல். ஜார்ஜியாவில் இப்போது குளிர் எலும்பைத் துளைக்குமாம்.

மகன் முகிலன் அங்கே டாக்டருக்குப் படிக்கிறான். பனியில் கார் சறுக்கிவிட்டதாம். கால் முறிவுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் கணவர். போனும் உடைந்துவிட்டதாம்.

அவன் குரலை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் அவளுக்கு.

அவன் பட்டம் வாங்குவதைப் பார்க்கப் போகவென்று எடுத்த பாஸ்போர்ட். விமானத்தில் இதுவரை ஏறியதில்லை.

கூடம் நிறைய சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு யோசனை. துபாயில் மாறிப் போங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள். ஊறுகாய் வேண்டாம், பிடுங்கிவிடுவார்கள்.

கால் முறிவுக்கா இத்தனை கூட்டம்! பாசக்காரக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாத்தனார் பூங்கோதை எழுந்தாள்.

தெருமுனைக்குப் போவதானாலும் வாசலில் நின்று நாலு தடவை "போயிட்டு வரேன் அண்ணி" என்பவள். சொல்ல மறந்து, பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மகராசி.

இன்று செருப்பை மாட்டினாள். படியிறங்கினாள். போய்விட்டாள்.

என்ன அவசரமோ, பாவம்.

பிறகு சித்தப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அவரும் வாய் திறக்கவில்லை.

அவர் பின்னாலேயே பக்கத்து வீட்டு அம்மா. தலையைக் குனிந்துகொண்டு.

சாவு வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள். அங்கே போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கை அதுபாட்டுக்கு ஸ்வெட்டரை மடித்தது.

உள்ளறையில் கணவர் டிக்கெட் போடுபவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்து, ரகசியமாக.

நிலைப்படியில் அவள் நிழல் தட்டியதும் குரலை உயர்த்தினார்.

"வரும்போது மூணு பேருங்க. ஆமா, மூணு."

சொல்லிவிட்டு இருமினார்.

இந்த மனுஷன் இத்தனையையும் ஒத்தை ஆளாகச் சுமந்துகொண்டு, அவளுக்குக் காப்பியும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவரை நினைத்துத்தான் அவளுக்கு முதலில் வலித்தது.

பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தாள்.

"புள்ளைக்கு ஜன்னலோரமாப் போடச் சொல்லுங்க."