அடுப்புக்கு ஒரு ஓட்டு

“எனக்குத் தனி அடுப்பு வேணும்ப்பா.”

கல்யாணமாகாத பெண் வாயெடுத்துச் சொல்லவே கூடாது என்று சொல்லி வளர்த்த வார்த்தையை நிறைமதி சொல்லிவிட்டாள். ஊர்க்கூட்டத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது போய், அடுப்புக்கு ஒரு ஓட்டு என்றாகி ஏழு வருடமாகிறது. அந்த வீட்டு ஓட்டு, அடுப்பை ஒருநாளும் பற்றவைத்தறியாத அப்பா சௌந்தரபாண்டியன் பெயரில் இருந்தது.

“ஊரு கைகொட்டிச் சிரிக்கும்த்தா.”

“நாளைக்குப் பொம்பளப்பிள்ளைக பள்ளிக்கூடத்தை மூடிட்டு மண்டபம் கட்டத் தீர்மானம். நீங்க எந்தப் பக்கம்?”

“பெரியவுக சொல்ற பக்கம்.”

“நான் படிச்ச பள்ளிக்கூடம்ப்பா அது. இந்த வீட்டுல டிகிரி வாங்குன ஒரே ஆளு நான்.”

“படிக்கவச்சதுதான் தப்பாப்போச்சு.”

அவள் அரிசிப் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். தெற்குத் தெருவில் அறை பிடித்து அடுப்பையும் நேற்றே ஊர்க்கணக்கில் பதிவுசெய்துவிட்டாள். அப்பாவிடம் கேட்டது ஒரு மரியாதைக்குத்தான். பொழுது சாய்வதற்குள் அந்தப் புது அடுப்பில் ஒருவேளைச் சோறு வெந்துவிட்டால் நாளை அவளுக்கும் ஓட்டு உண்டு.

முப்பது வருடமாக அந்த வீட்டு அடுப்படியில் வெந்துகொண்டிருக்கும் அம்மா எட்டிப் பார்த்தாள்.

“தண்ணிய அளந்து ஊத்துடி. உனக்கு எப்பவும் கொழைஞ்சுதான் போகும்.”

“கொழைஞ்சாலும் ஓட்டு ஓட்டுதாம்மா.”

அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிறைமதி படியிறங்கினாள்.