நாக்குக்கு அடியில்

மாலை ஏழு மணிக்கு போன் அடித்ததும் ஜீபெக் அதைத் தூக்கிக்கொண்டு குதிரைக் கொட்டிலுக்கு ஓடினாள். அம்மா மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. ஜீபெக்குக்குக் காசநோய் என்று தெரிந்த பிறகு, ஆறு மாதமாக ஒரு நாள் தவறாமல் இந்த வீடியோ அழைப்பு. இன்றைக்கு அதை எடுக்கவே பயமாக இருந்தது.

“என்னடி, சாப்டியா?”

“சித்தி லக்மான் நூடுல்ஸ் செஞ்சாங்க. சாப்டேன்.”

“தலையில குல்லா எங்க? நரின் ஊரு நவம்பர் குளிர் என்ன உனக்கு மாமன் மச்சானா?”

“மறந்துட்டேன்.”

“நீ மறப்பேடி. சரி, கடைசி மாத்திரை. போட்டு விழுங்கு. வாயைத் திற.”

திறந்தாள்.

“நாக்கைத் தூக்கு.”

ஜீபெக் தூக்கவில்லை.

“அடி திருட்டுக் கழுதை! அடியில ஒளிச்சு வெச்சிருக்கியா? ஆறு மாசப் பாடு வீணாப் போகணுமா?”

“இது முடிஞ்சா இனிமே கூப்பிட மாட்டீங்கல்ல?” ஜீபெக்கின் குரல் உடைந்தது.

திரையில் இருந்தவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். “முதல்ல விழுங்கு.”

விழுங்கினாள். நாக்கையும் தூக்கிக் காட்டினாள்.

“உங்கம்மா கடைசியா எப்போடி பேசினாங்க?”

“மார்ச்ல, நௌரூஸ் பண்டிகைக்கு, நர்ஸக்கா.”

நர்ஸ் குல்பரா பதிவேட்டை எடுத்து முன்னால் வைத்தாள். “நோயாளிங்களைக் கூப்பிடத்தான் அரசாங்கம் என்னை வெச்சிருக்கு, கண்ணு. நல்லா இருக்கிறவங்களைக் கூப்பிட ஆள் போடலையே. உன் பேருக்கு நேரா ‘குணமானார்’னு நான் இப்ப எழுதியாகணும்.”

“நாளைக்குக் கூப்பிட்டு, என் எதிர்ல எழுதுங்களேன், அக்கா.”