அதே தொடக்க நிலை

பல்கலைக்கழகத்தில், சின்ன மாற்றம் பெரிய விளைவைத் தரும் என்னும் கேயாஸ் தியரி படிப்பவர்கள் சொந்த வீட்டிலேயே செய்முறைப் பயிற்சி செய்ய வேண்டும். அதைப் படிக்கும் என் கணவர் மகிழ்நன் ஒருநாள் மட்டும் "சாப்பிட்டியா?" என்று என்னைக் கேட்காமல் விட்டார். அதில் தொடங்கிய சண்டை வளர்ந்து, நான் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன்.

இன்று மைசூர்பாகோடு வந்தார்.

"குழலி, புரொபசர் அசந்துட்டார்! இவ்வளவு சின்ன மாற்றம், இவ்வளவு பெரிய விளைவு!"

"வேணும்னேதான் கேட்காம இருந்தீங்களா?"

"பிராக்டிகலுக்குத்தானேம்மா. இன்னொரு தடவை செஞ்சு காட்டணுமாம். அதே தொடக்க நிலை வேணும். கல்யாணப் புடவையைக் கட்டிக்கிட்டு, அன்னைக்கு மாதிரியே சிரி."

முன்போலவே என் நெற்றி முடியை மெல்ல ஒதுக்கினார். அது அன்பா, அளவெடுப்பா என்று தெரியவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"சண்டை அப்புறம்," என்றார். "முதல்ல சிரி."