பின் சக்கரத்துப் பழி

"இனிமே நீ இந்த வண்டியைத் தொடக் கூடாது. சாவியை வச்சிட்டுக் கிளம்பு!"

ரொட்டிக்கடை முதலாளி போட்ட சத்தத்தில், உள்ளே ரொட்டிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அரக்கப்பரக்கப் பின்கட்டுக்கு ஓடி வந்தார்.

வேன் ஜாக்கி மேல் நின்றது. பின் சக்கரம் இரண்டும் கழற்றப்பட்டுக் கீழே கிடந்தன. பக்கத்தில் டிரைவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பதினோரு வருஷமாக அதே வேன், அதே டிரைவர். அவர் ஓட்டும் வேகத்தைப் பார்த்துத் தெருக்காரர்கள் வைத்த பெயர், ஆமை.

"ஆமையாம் ஆமை! போட்டு ஆறு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள பிரேக் மொத்தமும் காலி. இவன் பிரேக்கை மிதிக்கிறானா, இல்ல தேங்கா உடைக்கிறானா? நானெல்லாம் அந்தக் காலத்துல லாரியே ஓட்டினவன். ஒரு தடவையாவது பிரேக் மாத்தியிருப்பேனா?"

வேனுக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் தலை வெளியே வந்தது.

"மாத்தலைன்னா நீங்க பிரேக் இல்லாமதான் சார் ஓட்டியிருக்கணும்."

"நீ வாயை மூடிக்கிட்டு என்ன கோளாறுன்னு சொல்லுய்யா!"

அது எப்படி முடியும் என்று மெக்கானிக் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வாயைத் திறந்தே சொன்னார்.

"பெடலை மிதிச்சா, பிரேக் ஆயில் குழாய் வழியா நாலு சக்கரத்துக்கும் போய் அழுத்தும். அதுல முன் சக்கரத்துக்குத்தான் வேலை ஜாஸ்தி. இவர் ஓங்கி ஓங்கி மிதிச்சிருந்தா முன்பக்கம்தான் முதல்ல தேயணும். ஆனா முன்பக்கம் நல்லா இருக்கு. பின்னாடி மட்டும் இரும்போட இரும்பு உரசுது."

"அதனால?"

"இந்த வண்டியில ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். யாரோ அதை முழுசா இறக்காமலே ஓட்டியிருக்காங்க. ஆனா சார், இவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல. தினம் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பெடலை மூணு தடவை அழுத்திப் பாக்கறவர். ஆயில் ஒரு கோடு இறங்கினா உடனே எனக்குப் போன் வந்துடும். ரெண்டு வருஷமாச்சு, ஆயில்ல ஈரம் ஏறியிருக்கும், மாத்து மாத்துன்னு போன மாசம் என் உயிரை எடுத்துட்டார்."

ஹேண்ட் பிரேக் என்றதும் முதலாளிக்குச் சட்டென்று இருமல் வந்துவிட்டது.

"நான்தான் முதலாளி," என்றார் டிரைவர் மெதுவாக. "வயசாயிடுச்சு. இறக்க மறந்திருப்பேன்."

இருமல் போய் முதலாளிக்குக் குரல் திரும்பியது. "கேட்டீங்களா? அவனே ஒத்துக்கிட்டான்! கிளம்பு, கிளம்பு!"

ஐம்பத்தெட்டு வயதில் வேலை போனால் வேறு எங்கே போய் நிற்பது? டிரைவரின் முகத்தில் அந்தக் கவலை அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனாலும் அவர் சாவியை எடுத்து வேனின் முன்பக்கத்தில் வைத்தார்.

"என்னங்க, அவரை அனுப்பாதீங்க." முதலாளியின் மனைவி முன்னால் வந்தார். "ஹேண்ட் பிரேக்கை இறக்காம ஓட்டினது நான்தான்."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"நீயா? நீ எப்போ வண்டி ஓட்டினே?"

"ஒரு மாசமா. மத்தியானம் நீங்க தூங்கற நேரத்துல, பின்னாடி மைதானத்துல இவர்தான் சொல்லித் தர்றார். உங்ககிட்ட கேட்டா, உனக்கெல்லாம் வண்டி வராதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவீங்க. முழுசா இறக்கினா வண்டி என்னை மீறி ஓடிடுமோன்னு பயம். அதான் ஆரம்பத்துல ஒரு தைரியத்துக்குக் கொஞ்சம் தூக்கியே வச்சிருந்தேன். நான் பண்ணின தப்புக்கு அவர் பொழைப்பு போகக் கூடாதுங்க."

முதலாளி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "ஹேண்ட் பிரேக்கை இறக்கிட்டுத்தான் வண்டி எடுக்கணும்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! இதுக்குத்தான் சொன்னேன், இதெல்லாம் உனக்கு வேணாம்னு!"

ஆசை தீரத் திட்டி முடித்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, போனது போகட்டும். உன் முகத்துக்காக இவனை மன்னிச்சு விடறேன்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய மனசா இந்த மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார். மெக்கானிக்கும் புது பிரேக் ஷூ வாங்கிவரக் கிளம்பினார்.

இரண்டு பேரும் போய்விட்டார்களா என்று முதலாளி எட்டிப் பார்த்தார். பிறகு டிரைவரின் தோளில் கை போட்டார்.

"நல்லவேளை, என் பேரை எடுக்காம விட்டேய்யா! கோவிச்சுக்காதே, உன்னை நிஜமாவா அனுப்பிடுவேன்? அவ முன்னாடி வேற வழி தெரியல. ஞாயித்துக்கிழமை காலையில வழக்கம்போல மைதானத்துக்கு வந்துடு. அவ லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி நான் வாங்கியாகணும்."

டிரைவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வரேன் முதலாளி. ஆறு மாசமாச்சு, இந்த ஞாயித்துக்கிழமையாவது ஹேண்ட் பிரேக்கை முழுசா இறக்கிடுங்க. அம்மா ரெண்டாவது நாளே இறக்கிட்டாங்க."