விலைக்கு வாங்கிய மௌனம்

“என்னைக் கவிழ்க்கத்தான் அந்தம்மா அர்சேனி மாமாவுக்கு ஓசி டிக்கெட் கொடுத்தாங்க. கண்ணால பார்த்தேன்.”

ஒப்பனை அறையில் லீதியா பல்லைக் கடித்தாள். பாலே காலணிக்கு நாடா தைத்துக்கொண்டிருந்த வேரா நிமிர்ந்தாள்.

“ரிம்மா ஒலேகோவ்னாவா? மாஸ்கோவே அவங்க காலடியில கிடக்கு. உன்னைப் பார்த்து என்னடி பொறாமை?”

“இத்தனை நாள் கிடந்துச்சு. இன்னிக்கு அவங்க நாயகி வேஷம் எனக்கு. ‘அவ ஒத்தைக் கால்ல சுழலும்போது நான் சொன்ன தாளத்துல தட்டுங்க’ன்னாங்க. தாளத்தை மாத்தித் தட்டினா யார் கால் நிக்கும்?”

அர்சேனி, மேல்மாடத்தில் அமர்ந்து கூலிக்குக் கைதட்டும் கூட்டத்தின் தலைவர். கூலி, இலவச நுழைவுச்சீட்டு. அவர் தட்டினால்தான் அரங்கம் தட்டும்.

சிற்றுண்டிக் கூடத்தில், புகையூட்டிய மீன் வைத்த ரொட்டியோடு அவர் அகப்பட்டார்.

“மாமா, நான் சுழலும்போது உங்க ஆளுங்க கை மடியிலேயே இருக்கணும்.”

“ஏற்கெனவே ஒருத்தங்க...”

லீதியா தன் பங்குக்கு வந்த இலவச நுழைவுச்சீட்டுகள் அனைத்தையும் மேசையில் வைத்தாள்.

“இது உங்கம்மாவோட முன்வரிசைச் சீட்டாச்சே. பெத்தவளையே வித்துட்டியா, கண்ணு?”

“அவங்க டிவியில பார்த்துப்பாங்க.”

அர்சேனி விரலைத் துடைத்துக்கொண்டு, ரிம்மாவின் சீட்டுகள் இருந்த பையிலேயே இவற்றையும் செருகினார். மனச்சாட்சி உறுத்தியதாகத் தெரியவில்லை.

அன்று மாலை லீதியா சுழன்றபோது மேல்மாடம் தட்டவில்லை, அரங்கமும் தட்டவில்லை. வாத்தியக் குழுவை நடத்த வந்திருந்தவர் புதியவர். தாளம் காட்டும் அவர் கைக்குச்சி ஓட்டமெடுத்தது, இசையும் கூடவே ஓடியது. லீதியாவின் கால் அதைத் துரத்தியது, பின்னிக்கொண்டது. மாஸ்கோவின் புதிய நாயகி மேடை நடுவே உட்கார்ந்துவிட்டாள்.

திரை விழுந்தபின் நடைவழியில் அர்சேனியைக் கண்டு மூக்கை உறிஞ்சினாள்.

“நல்லவேளை மாமா, நீங்க தட்டலை. அந்தம்மா சொன்ன தாளத்துல தட்டியிருந்தா காலே முறிஞ்சிருக்கும்.”

“அவங்க என்ன தாளம் சொன்னாங்கன்னு நீ கேட்கவே இல்லையே, கண்ணு.”

“என்ன சொன்னாங்க?”

“‘புதுசா குச்சி ஆட்ட வந்தவன் அவசரக்காரன். நீங்க நிதானமாத் தட்டி அவனைப் பின்னாடி இழுத்துப் பிடிங்க. என் இடத்துக்கு வர்ற புள்ள, விழக்கூடாது’ன்னாங்க.”