வெளுத்த முடிச்சு

அலையாத்திக் காட்டில் ஓடைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் படகுக்காரர் சவரிநாதன் உள்ளே போகும்போது திருப்பத்துக்குத் திருப்பம் கிளையில் சிவப்புத் துணி கட்டுவார், திரும்பும்போது அவிழ்த்துவிடுவார். பறவை பார்க்க வந்த மங்கையர்க்கரசிக்கு ஐந்து நிமிடம் சும்மா உட்காரத் தெரியாது. திரும்பும் வழியில் அவிழ்க்கும் வேலையை அவளே பிடுங்கிக்கொண்டாள். கடைசித் திருப்பத்தில் வெயிலில் வெளுத்த ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தாள். படகு நகர்ந்துகொண்டே இருந்தது.

“இது மட்டும் ஏண்ணே இப்படி இறுகிக் கெடந்துச்சு?”

அவர் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார்.

“அது நம்மளது இல்லம்மா. எந்தம்பி உள்ள போறப்ப கட்டுனது. நாலு வருசமாவுது.”

அவள் துணியோடு பதறித் திரும்பினாள். எல்லாக் கிளைகளும் ஒன்றுபோலவே ஆடிக்கொண்டிருந்தன.