எங்கேயும் போகவில்லை

பிரான்ஸின் மார்செய் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவில் காலை வெயில் வழவழத்த தரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. எச்சாத்தியின் கணவன் சொய்லிஹிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், பற்கள் கிடுகிடுக்கின்றன. “சமீபத்துல வெளிநாடு எங்கயாவது போனீங்களா?” என்று கேட்கிறாள் நர்ஸ். “இல்லம்மா, வீட்டுலதான் இருந்தேன்,” என்கிறான் அவன். சொல்லும்போதே அவன் விரல்கள் எச்சாத்தியின் மணிக்கட்டை இறுக்குகின்றன. முதுகுவலி என்று விடுப்பு எடுத்து, ஆப்பிரிக்கா பக்கம் தான் பிறந்த கொமோரோ தீவில் நடந்த தங்கை கல்யாணத்துக்குப் போய் வந்தவன். தெரிந்தால் பள்ளிச் சமையலறை வேலை போய்விடும். “அப்ப சாதாரண காய்ச்சலாத்தான் இருக்கும்,” என்று நர்ஸ் அடுத்த தாளை எடுக்கிறாள். ‘அங்க பொறந்தவன்டி நான், கொசு என்னை என்ன பண்ணும்?’ என்று கிளம்பும்போது தடுப்பு மாத்திரையை ஒதுக்கியவனின் விழிகள் மஞ்சள் பூத்திருப்பதை எச்சாத்தி பார்க்கிறாள். “பொய் சொல்றாரு,” என்கிறாள் சத்தமாக. “கொமோரோ போயிட்டுப் பத்து நாள் முன்னாலதான் வந்தாரு.” நர்ஸின் கை அப்படியே நிற்கிறது. மறுகணம் உள்ளே திரும்பிக் கத்துகிறாள்: “டாக்டர்! மலேரியாவா இருக்கும், சீக்கிரம் வாங்க!” ஸ்ட்ரெச்சர் உருள்கிறது. “குடியக் கெடுத்துட்டியேடி,” என்று முனகுகிறான் சொய்லிஹி. “உசுரோட வந்து திட்டுங்க,” என்கிறாள் எச்சாத்தி. கதவு சாத்திய பிறகுதான் அவன் இறுக்கிய மணிக்கட்டைத் தடவிக்கொள்கிறாள்.